தோல்வியை மட்டும் எண்ணலாமா?

எங்கள் காலனி படிப்பகத்தில் போன மாதம் ஒரு வாக்குவாதம். கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் செல்போனை நீட்டிக் காட்டினார். "அண்ணா, மேவெதர் அம்பது சண்டை போட்டு அம்பதும் ஜெயிச்சிருக்கார். முகமது அலி அஞ்சு தடவ தோத்திருக்கார். அப்போ மேவெதர்தானே பெரிய ஆளு? கணக்கு பொய் சொல்லுமா?"

கூட இருந்த இன்னொரு தம்பி வாய் திறக்கவில்லை. அவர் குத்துச்சண்டை பழகுகிறவர். 'சார்பட்டா பரம்பரை' படம் வந்த பிறகு எங்கள் பக்கம் பழகத் தொடங்கிய பிள்ளைகளில் ஒருவர். வேப்பமரக் கிளையில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, கையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு குத்திப் பழகியவர். மாவட்ட அளவில் மூன்று முறை இறங்கினார். மூன்று முறையும் முதல் சுற்றிலேயே வெளியேறினார். மற்றவர்கள் கலைந்து போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மூணுக்கு மூணும் தோல்விதாண்ணா. விட்டுடலாம்னு இருக்கேன்."

முதல் தம்பிக்கு அன்றைக்கே ஏதோ பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவது தம்பிக்குச் சொல்லச் சரியான பதில் என்னிடம் இல்லை. அதை யோசித்துத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அலியின் ஐந்து தோல்விகள்

குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கையை மூன்று எண்களில் அடக்கிவிடுவார்கள். இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி, இத்தனை சமன். அலியின் கணக்கு 56 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1967-இல் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று அலி மறுத்தார். உலகப் பட்டத்தைப் பறித்தார்கள். சண்டையிடும் உரிமத்தையும் பறித்தார்கள். அப்போது அவருக்கு வயது 25. ஒரு குத்துச்சண்டை வீரரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் அது. மூன்றரை ஆண்டுகள் அவர் மேடை ஏறவில்லை. திரும்பி வந்த பிறகு, 1971-இல் ஜோ ஃபிரேசியரிடம் 15 ரவுண்டுகள் நின்று புள்ளிக் கணக்கில் தோற்றார். அதுதான் முதல் தோல்வி.

1973-இல் கென் நார்ட்டனிடம் தாடை உடைந்து தோற்றார். 1978-இல் லியோன் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். இந்த மூன்று பேரையும் பிறகு அவர் வென்றார். ஃபிரேசியரை இரண்டு முறை, நார்ட்டனை இரண்டு முறை, ஸ்பிங்க்ஸை அதே ஆண்டில்.

மீதி இரண்டு தோல்விகள் 1980-இல் லாரி ஹோம்ஸிடமும் 1981-இல் டிரெவர் பெர்பிக்கிடமும். அப்போது அவருக்கு வயது 38, 39. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று வெளியே தெரிந்தது. அந்த 1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னையின் பழைய குத்துச்சண்டைக்காரர்கள் வீடுகளில் இன்றும் அலி படம் தொங்குகிறது என்றால், அவர் தோல்வியே காணாதவர் என்பதற்காக அல்ல.

ஐந்து என்ற எண்ணில் இந்தக் கதை எதுவும் இல்லை. பறிக்கப்பட்ட மூன்றரை ஆண்டுகளுக்கு ஏட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் வென்றிருக்கக்கூடிய போட்டிகள் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் நோயோடு நின்று வாங்கிய அடி மட்டும் தோல்வி என்று பதிவாகியிருக்கிறது.

சாம் லாங்ஃபோர்டு என்ற பெயர்

அலியையாவது உலகம் அறியும். சாம் லாங்ஃபோர்டு என்ற பெயரை நம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிற்றூரில் பிறந்த கருப்பினத்தவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்தார். குத்துச்சண்டைக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே கையுறை மாட்டியவர்.

உயரம் ஐந்தரை அடிக்குச் சற்றே அதிகம். 1903-இல், இளைஞனாக இருக்கும்போதே, அன்றைய லைட்வெயிட் உலக சாம்பியன் ஜோ கான்ஸைப் புள்ளிக் கணக்கில் வென்றார். ஆனால் அது பட்டத்துக்கான போட்டியாக நடத்தப்படவில்லை. பிறகு தன்னைவிட மிகப் பெரிய உருவங்களோடு, ஹெவிவெயிட் வீரர்களோடு மோதினார். 250-க்கும் மேற்பட்ட சண்டைகள். அவற்றில் ஏறக்குறைய முப்பது தோல்விகள். துல்லியமான எண் ஏட்டுக்கு ஏடு மாறுகிறது. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில் சட்டப்படி வெற்றி தோல்வியை அறிவிக்கக் கூடாது. மறுநாள் பத்திரிகைக்காரர்கள் எழுதுவதுதான் முடிவு. அப்படிப்பட்ட ஏட்டை வைத்துத்தான் நாம் மனிதர்களை அளக்கிறோம்.

முப்பது தோல்வி என்றால், செல்போன் கணக்குப்படி லாங்ஃபோர்டு சாதாரண ஆள். ஆனால் 2003-இல் 'தி ரிங்' இதழ் எல்லாக் காலத்துக்குமான வலுவான குத்துக்காரர்கள் நூறு பேரைப் பட்டியலிட்டபோது, ஜோ லூயிஸுக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் வைத்தது லாங்ஃபோர்டை. உலக சாம்பியனாக இருந்த ஜேக் டெம்ப்சி, தான் பயந்த ஒரே ஆள் அவர்தான் என்று தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஏன் இத்தனை தோல்விகள்? காரணம், நிறக்கோடு. கருப்பினத்தவரோடு மேடை ஏற மாட்டோம் என்று வெள்ளை சாம்பியன்கள் அறிவித்திருந்தார்கள். ஜான் சல்லிவன் அதை வெளிப்படையாகவே சொன்னவர். பட்டமும் பெரிய பணமும் கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் லாங்ஃபோர்டு, ஹாரி வில்ஸ், சாம் மெக்வீ, ஜோ ஜீனெட் போன்ற நிகரற்ற வீரர்கள். மோத வேறு ஆள் கிடையாது. வயிற்றுப்பாட்டுக்காகத் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதினார்கள். லாங்ஃபோர்டு மற்ற மூவரோடும் தனித்தனியே பத்து முறைக்கும் மேல் மோதியிருக்கிறார். நிகரானவர்கள் பத்து முறை மோதினால் வெற்றியும் தோல்வியும் மாறி மாறித்தான் வரும். தெருவில் உள்ள நல்ல ஓட்டக்காரர்கள் நான்கு பேரை ஒரே வேலிக்குள் பூட்டி, அவர்களுக்குள்ளேயே ஓடவிட்டு, 'பார், ஒவ்வொருவனும் எத்தனை முறை தோற்றிருக்கிறான்' என்று எண்ணுவதைப் போன்ற கணக்கு இது.

ஒரு சண்டையை மட்டும் சொல்கிறேன். 1909 ஏப்ரல், பாரிஸ் நகரம். ஜீனெட்டும் மெக்வீயும் மோதினார்கள். சண்டை 49 ரவுண்டுகள் நடந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல். இனி எழ முடியாது என்ற நிலை வந்தபோதுதான் மெக்வீ விட்டுக்கொடுத்தார். மெக்வீயின் ஏட்டில் அது ஒரு தோல்வி. ஒரே நிமிடத்தில் விழுந்தவனுக்கும் ஏட்டில் அதே 'ஒன்று'தான்.

கதவைத் திறந்தவர், பிறகு மூடியவர்

இன்னொரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1906-இல் ஜேக் ஜான்சனிடம் லாங்ஃபோர்டு 15 ரவுண்டில் தோற்றார். ஜான்சன் அவரைவிட ஏறக்குறைய 30 பவுண்டு எடை கூடியவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1908-இல், அன்றைய சாம்பியன் டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டே ஆஸ்திரேலியா வரை போய், சிட்னியில் வீழ்த்தி, ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற முதல் கருப்பினத்தவர் ஆனார் ஜான்சன். இதற்குள் லாங்ஃபோர்டு உடம்பிலும் அனுபவத்திலும் வளர்ந்திருந்தார். பட்டத்துக்காக மோத ஒரு வாய்ப்பு கேட்டார். ஜான்சன் கொடுக்கவே இல்லை.

இரண்டு கருப்பினத்தவர் மோதினால் கூட்டம் வராது, வெள்ளையரோடு மோதினால்தான் பணம் என்பது போட்டி நடத்துகிறவர்களின் கணக்கு. தோற்றுவிடுவோமோ என்ற பயமும் ஜான்சனுக்கு இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், அடைத்த கதவை உடைத்து உள்ளே போன ஒருவர், தன் பின்னால் வந்தவருக்கு அதே கதவைத் திறக்கவில்லை. நம் ஊர்களிலும் மேலே போனவர்களைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது.

1915-இல் ஜான்சன் தோற்றார். அதன்பின் 22 ஆண்டுகள் எந்தக் கருப்பினத்தவருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பு தரப்படவில்லை. ஹாரி வில்ஸ் 1920-கள் முழுக்க டெம்ப்சிக்காகக் காத்திருந்தே வயதானார். 1937-இல் ஜோ லூயிஸ் வந்துதான் அது மாறியது.

லாங்ஃபோர்டு? 1917-இல் ஒரு சண்டையில் கண் பழுதானது. பார்வை மங்க மங்க, எதிரியின் உருவத்தை நிழலாகப் பார்த்துக்கொண்டே இன்னும் பல ஆண்டுகள் சண்டையிட்டார். வேறு பிழைப்பு தெரியாது. கடைசிக் காலத் தோல்விகள் பல அப்படி வந்தவை. 1944-இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அறையில், முழுப் பார்வையும் இழந்து, வறுமையில் தனியாக இருந்தார். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பணம் திரட்டித் தந்தார்கள். 1956-இல் மறைந்தார். ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத ஒருமுறைகூட அழைக்கப்படாமலேயே.

அந்த நடக்காத போட்டிதான் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வி. அது அவர் செய்த தோல்வி அல்ல. அதனால்தானோ என்னவோ, ஏட்டில் அதற்கு இடமில்லை.

பூஜ்யம் எப்படி உருவாகிறது?

தோல்விக்குப் பின்னால் கதை இருப்பதுபோல் பூஜ்யத்துக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ராக்கி மார்சியானோ 49 சண்டையில் 49-ஐயும் வென்று ஓய்வு பெற்றவர். அவருடைய உழைப்பையும் துணிவையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த 49-இல் ஒன்று, 1951-இல் ஜோ லூயிஸை வென்றது. லூயிஸுக்கு அப்போது வயது 37. ஏறத்தாழ 12 ஆண்டுகள் பட்டத்தை வைத்திருந்து, 25 முறை காத்து, ஓய்வும் பெற்றுவிட்டவர். போர்க்காலத்தில் இரண்டு சண்டைகளின் வருமானத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தவர். பிறகு வருமான வரிக் கடன் கழுத்தை நெரித்ததால் மீண்டும் மேடை ஏறினார். லூயிஸின் வாழ்நாள் தோல்விகள் மூன்றுதான். அதில் இரண்டு, கடனுக்காகத் திரும்பி வந்த பிறகு நேர்ந்தவை. ஒரே சண்டை ஒருவர் ஏட்டில் பெருமையாகவும் இன்னொருவர் ஏட்டில் கறையாகவும் நிற்கிறது.

பிரிட்டனில் பீட்டர் பக்லி என்று ஒருவர் இருந்தார். 300 சண்டைகள் போட்டு, 256-இல் தோற்றவர். வென்றது 32 மட்டுமே. கேலிக்குரிய ஆள் என்று தோன்றும். ஆனால் அவர் தொழிலே வேறு. வளரும் வீரர்களுக்கு எதிராளி தேவைப்படும்போது, குறுகிய அவகாசத்தில், அவர்கள் ஊருக்கே போய், அவர்கள் ரசிகர்கள் நடுவே நிற்பது. பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீதும் அவரோடு மோதி வளர்ந்தவர்தான். இப்படிப்பட்டவர்கள் தோள் கொடுக்காமல் பலருடைய பூஜ்யம் உருவாகியிருக்காது. 2008-இல் 300-ஆவது சண்டையில் வென்றுவிட்டு ஓய்வு பெற்றார் பக்லி.

நடுவர்களையும் மறக்கக் கூடாது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் விட்டார். எதிராளியான கொரிய வீரர் 32. ஆனாலும் நடுவர்கள் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கொரியருக்கே தங்கம் கொடுத்தார்கள். அதே ஒலிம்பிக்கில் தலைசிறந்த குத்துச்சண்டை வீரருக்கான விருது ராய் ஜோன்ஸுக்குத்தான் தரப்பட்டது. தோற்றவர்தான் சிறந்தவர் என்று போட்டியை நடத்தியவர்களே சொல்லிவிட்டார்கள். ஏட்டில் தோல்வி அப்படியே இருக்கிறது.

தோல்வி எதையுமே சொல்லாதா?

இதைப் படிக்கும் சிலர் கேட்கலாம்: 'அப்படியென்றால் எந்தத் தோல்விக்கும் ஒரு சாக்கு சொல்லிவிடலாமே?' நியாயமான கேள்வி. சில தோல்விகள் உண்மையைச் சொல்லத்தான் செய்கின்றன. 1990-இல் டோக்கியோவில் மைக் டைசன், தோல்வியே காணாத சாம்பியனாக இறங்கினார். எதிரே பஸ்டர் டக்ளஸ். அவர் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆளில்லை. டைசன் சரியாகப் பயிற்சி எடுக்கவில்லை. பத்தாவது ரவுண்டில் விழுந்தார். அந்தத் தோல்விக்கு வேறு யாரும் காரணமில்லை. அதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

எனவே தோல்வியைப் புறக்கணி என்று நான் சொல்லவில்லை. அதை எண்ணாதே, படி என்கிறேன். எதிரே நின்றவர் யார்? எந்த வயதில், எந்த உடல்நிலையில் மோத வேண்டி வந்தது? தீர்ப்புச் சொன்னவர் யார்? இவற்றோடு இன்னொன்று: நடந்திருக்க வேண்டிய எந்தப் போட்டி நடக்கவில்லை, அதைத் தடுத்தது யார்? இத்தனையும் கேட்ட பிறகும் பழி நம்மிடமே மிஞ்சினால், அதை ஏற்றுக்கொண்டு திருத்திக்கொள்வதுதான் நேர்மை.

நமக்கு இது ஏன்?

அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர்களின் கதை தலித் பகுதியில் எதற்கு என்று தோன்றலாம். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கருப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கருப்பினத்தவர் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் படிகளைக் கேட்டிருந்தார். அவர்கள் நிலையும் நம் நிலையும் ஒத்திருக்கின்றன என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்காவின் பிளாக் பேந்தர்ஸைப் பார்த்துத்தான் பெயர் சூட்டிக்கொண்டது.

நிறக்கோடு அங்கே இருந்த காலத்தில் சாதிக்கோடு இங்கே மைதானத்திலேயே இருந்தது. புனேயில் ஆங்கிலேயர் கிளப்பில் மைதானப் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டே, வெள்ளை அதிகாரிகளுக்குப் பந்து வீசிப் பழகியவர் பல்வங்கர் பாலு. பந்து போடத்தான் அழைத்தார்கள். மட்டையைக் கையில் கொடுக்கத் தயங்கினார்கள். இந்து அணிக்கு அவர் பந்து வீச்சு வேண்டும். ஆனால் தேநீர் மட்டும் வெளியே, தனியாக, மண் குவளையில். 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தவர் அவர். ஆனாலும் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. போராடி, 1920-இல் உதவித் தலைவர் வரைதான் வர முடிந்தது. 1923-இல் அவர் தம்பி விட்டல்தான் தலைவரானார். தலைவராகப் பாலு எத்தனை வென்றார், எத்தனை தோற்றார் என்று பார்க்கப் போனால் வெறும் தாள்தான் இருக்கும்.

இன்று நம் பிள்ளைகளுக்கும் இப்படி ஓர் ஏடு இருக்கிறது. முதல் செமஸ்டரில் நான்கு பேப்பர் அரியர் என்றால் 'இவனுக்கெல்லாம் எதுக்கு இன்ஜினியரிங்' என்று கேட்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததும், வீட்டில் முதல் பட்டதாரி என்பதும், மாலையில் கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலைக்குப் போவதும் மதிப்பெண் பட்டியலில் வராது. வருவது அரியர் எண்ணிக்கை மட்டும்தான்.

அதனால்தான் கேட்கிறேன். எத்தனை ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு ஜோடி குத்துச்சண்டைக் கையுறை இருக்கிறது? எத்தனை காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் கை பிடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்? பெற்றோரும் ஊராட்சி உறுப்பினர்களும் இதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். கையுறையையே பார்க்காதவனையும் நான்கு ஆண்டு பயிற்சி எடுத்தவனையும் ஒரே மேடையில் ஏற்றி, முடிவை மட்டும் எழுதி வைப்பதை எப்படித் திறமையின் கணக்கு என்று ஏற்பது?

அந்தத் தம்பிக்கு இப்போது என் பதில் இதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் மூன்று தோல்விகளையும் நீங்களே எழுதுங்கள். எதிரே நின்றவர் எத்தனை ஆண்டு பழகியவர், நீங்கள் எத்தனை மாதம் பழகினீர்கள், எந்த ரவுண்டில் மூச்சு வாங்கியது, எந்தக் குத்தைத் தடுக்க முடியவில்லை, அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எது உங்கள் தவறு, எது உங்களுக்குக் கிடைக்காத வசதி என்று தனித்தனியாகத் தெரியும். உங்கள் தவறை வேப்பமரத்தடியில் திருத்துங்கள். கிடைக்காத வசதிக்கு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போட வருகிறேன்.

பிறகு நான்காவது போட்டிக்குப் பெயர் கொடுங்கள். 'தோற்றாலும் பரவாயில்லை' என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஜெயிக்கத்தான் இறங்க வேண்டும். ஆனால் மூன்று வரியைப் பார்த்துவிட்டு, நான்காவது வரியை எழுதாமலேயே நோட்டை மூடிவிடாதீர்கள். லாங்ஃபோர்டுக்கு அந்தப் போட்டியைக் கொடுக்காமல் வைத்தவர்கள் மற்றவர்கள். உங்கள் நான்காவது போட்டியை நீங்களே உங்களுக்கு மறுக்கலாமா?